கிடங்குத் தெருவில் வேர்விட்ட சிப்பாய்

அந்த நாட்டில் அதிபரை இறக்கியது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று காலை வானொலி வழக்கம்போல மீன் விலை சொன்னது, கடல் நிலவரம் சொன்னது, நாதசுரம் வாசித்தது, பிறகு யாரோ தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது, அதற்கும் பிறகு, அதிபர் உடல்நலம் கருதி ஓய்வுக்குப் போயிருக்கிறார், அவர் ஓய்வெடுத்து முடிக்கும்வரை நாட்டை ராணுவம் பார்த்துக்கொள்ளும் என்று அதுவரை யாரும் கேட்டிராத ஒரு குரல் சொன்னது. பத்து மணிக்கெல்லாம் லாரிகள் வந்து, தபால்காரர் வீட்டுக்கு வீடு கடிதம் போடுகிற மாதிரி, தெருவுக்கு ஒரு சிப்பாயைப் போட்டுவிட்டுப் போயின.

துறைமுகத்தை ஒட்டிய கிடங்குத் தெருவுக்கு வந்தவனுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். தவமணி வீட்டு வாசலுக்கு நேராக, விளக்குக் கம்பத்துக்கு இரண்டடி தள்ளி அவனை நிறுத்தி, அவனைச் சுற்றிச் சுண்ணாம்பில் ஒரு வட்டம் போட்டு, "அடுத்த உத்தரவு வர்ற வரைக்கும் இதுக்குள்ளதான் நிக்கணும்" என்று ஓர் அதிகாரி சொல்லிவிட்டுப் போனார். அந்த அதிகாரியைப் பதினோராம் நாள் இன்னோர் அதிகாரி கைது செய்தார். அவரை, மாதம் முடிவதற்குள், மூன்றாவது ஒருவர் கைது செய்தார். வானொலியில் குரல் மாறிக்கொண்டே இருந்தது, செருமல் மட்டும் மாறவில்லை. ஒருவர் போட்ட உத்தரவை எடுக்க இன்னொருவருக்கு அதிகாரம் உண்டா என்று அவர்களுக்கே தெரியாமல் போனதால் அடுத்த உத்தரவு வரவேயில்லை, சிப்பாய் வட்டத்துக்குள் நின்றான்.

இங்கேதான் அந்த ஊர்ப் பெண்கள் ஒரு தப்புச் செய்தார்கள். தப்பென்று தெரியாமல் செய்ததுதான். கிடங்குத் தெருவில் விடிகாலையில் வாசல் தெளிக்காத வீடு கிடையாது. முருகனைக் கும்பிடுகிற வீடும் மாதாவைக் கும்பிடுகிற வீடும் அதில் ஒன்று. சாவு விழுந்த வீடு மட்டும்தான் தெளிக்காது. ராணுவம் வந்துவிட்டது என்பதற்காக வாசலைக் காயப்போட்டால் யார் செத்தார்கள் என்று ஊர் கேட்காதா? ஆகவே சாணம் கரைத்த நல்ல தண்ணீரை வாளியில் எடுத்து, கிழக்கே தெளித்து, மேற்கே தெளித்து, நடுவில் நின்ற பூட்ஸுகளைச் சுற்றியும் நாள் தவறாமல் தெளித்தார்கள். சில நாள் அவனையும் உள்ளே வைத்துப் புள்ளி வைத்துக் கோலம்கூடப் போட்டார்கள்.

ஒன்பதாம் நாள் காலை சிப்பாய் இடது காலைத் தூக்கிப் பார்த்தான், வரவில்லை. வலது காலைத் தூக்கிப் பார்த்தான், அதுவும் வரவில்லை.

"அக்கா, கால் வரல" என்றான்.

எதிர்வரிசையில் காய்கறி விற்கும் பரிபூரணம் வந்து குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு கொட்டாங்கச்சியால் மண்ணைக் கீறிப் பார்த்தாள். பூட்ஸின் அடி வெடித்து, வெளுத்த வேர் ஒன்று விரல் கனத்தில் கீழே இறங்கியிருந்தது.

"புடிச்சிருச்சுடி" என்றாள் தவமணியிடம், முருங்கைக் கொம்பு நட்டுவைத்தவள் சொல்கிற குரலில். "நெதம் சாணித் தண்ணி ஊத்துனா பின்ன என்னா பண்ணும்?"

அந்த மாதத்துக்குள் தலைநகரத்து முந்நூற்றுச் சொச்சம் தெருக்களிலும் சிப்பாய்கள் வேர்விட்டிருந்தார்கள். மரம் என்றால் தங்களைச் சேர்ந்தது என்று நகராட்சி ஆட்கள் வந்து, முழங்கால்வரை வெள்ளையும் கறுப்புமாகப் பட்டையடித்து, இடுப்பில் எண் எழுதிவிட்டுப் போனார்கள். கிடங்குத் தெருக்காரனுக்கு நூற்றுப்பதினாலு. அன்றிலிருந்து அதுவே பேராகிவிட்டது. சிப்பாய் என்றால் தங்களைச் சேர்ந்தவன் என்று ராணுவம் ஓர் அவசரச் சட்டம் போட்டது: நிற்கும் வீரர்கள் தேசத்தின் சொத்து, தெருக்காரர்கள் நாளொன்றுக்கு இரண்டு குடம் தண்ணீர் அவர்கள் காலில் ஊற்ற வேண்டும், ஒரு கிளையை ஒடித்தாலும் ஆறு மாதம் உள்ளே, விடிகாலையில் குடத்தோடு வரும் பெண்களைத் தவிர அந்த நேரத்தில் தெருவில் யாரும் நடமாடக் கூடாது. ஜனங்கள் இதையும் பழகிக்கொண்டார்கள். அவன் தோளில் துளிர்விட்டபோது பரிபூரணம் கத்தரிக்காய்க் கூடையை வெயிலிலிருந்து அவன் நிழலுக்கு நகர்த்தினாள். அவன் இடது முழங்கைக்கும் விளக்குக் கம்பத்துக்கும் நடுவே ஒரு துணிக்கொடி வந்தது. தொப்பியில் காக்கை கூடு கட்டியது. யார் வீட்டில் என்ன சமைத்தாலும் ஒரு கவளம் அவன் வாய்க்கும் போனது, ஏனென்றால் வேர் விட்டாலும் வாய் வாயாகத்தான் இருந்தது.

கையும் கையாகத்தான் இருந்தது. மூன்றாவது தெருவில் இரண்டு மாணவர்கள் அதிபரின் கொடியைப் பிடித்துக்கொண்டு ஓடியபோது, தலையில் மஞ்சள் பூப் பூத்து நின்ற நூற்றுப்பதினேழு அவர்கள் இரண்டு பேரையும் சுட்டான். பூ அப்படியே இருந்தது. மறுநாள் அந்தத் தெருப் பெண்கள் அவனுக்கு இரண்டு குடம் ஊற்றினார்கள், இரண்டு வீட்டு வாசல் மட்டும் காய்ந்து கிடந்தது.

தவமணியின் கதை வேறு. அவள் புருஷன் கதிரேசன் அச்சகத்தில் எழுத்துக் கோக்கிறவன். அதிபர் நல்லவரா கெட்டவரா என்பதில் அவனுக்கே சந்தேகம் உண்டு, ஆனால் நாமல்லவா ஏற்றினோம், நம்மைக் கேட்காமல் எப்படி இறக்கலாம் என்பதில் சந்தேகமில்லை. 'யாரைக் கேட்டு?' என்று இரண்டே சொல்லைப் பெரிய எழுத்தில் கோத்து நாலாயிரம் தாளில் அடித்துவிட்டு, மூன்றாம் நாள் வீட்டுப் பரணில் ஏறியவன்தான், இறங்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் கிடங்கின் மொட்டைச் சுவர். இருப்பது ஒரே வாசல். அந்த வாசலுக்கு நேராக நூற்றுப்பதினாலு, உறக்கம் என்பதையே மறந்துபோன கண்ணோடு. ரேஷன் புத்தகத்தில் 'புருஷன் காணவில்லை, ஒருத்தி' என்று எழுதியிருந்தார்கள். தவமணி ஒருத்திக்கு அரிசி வாங்கி, இரண்டு பேராகத் தின்று, அம்மிச் சத்தத்தில்தான் புருஷனோடு பேசினாள்.

புரட்டாசி கடைசியில் ஒரு காலை குடத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்தவளிடம் சிப்பாய் குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

"அக்கா, உங்க வீட்டுக்குள்ள ரெண்டு பேரு நடக்குறாங்க."

தவமணி குடத்தை நிமிர்த்திப் பிடித்தாள்.

"அடுப்படி வரைக்கும் ஒரு வேர் போயிருக்குதுக்கா. நான் போகச் சொல்லல, அதுவாப் போயிருச்சு. உங்க நடை தெரியுது. இன்னொரு நடையும் தெரியுது. மத்தியானத்துல பரண்ல இருந்து எறங்கி தண்ணி குடிக்கிறாரு."

"யார்கிட்டயாச்சும் சொன்னியா?"

"யாரும் கேக்கலயேக்கா."

"கேட்டா?"

அவன் சிரித்தான். வெள்ளந்தியான சிரிப்பு. அதுதான் அவளை நடுக்கியது. "கேட்டா சொல்லித்தானேக்கா ஆகணும். கேக்காம நானா எப்படிச் சொல்ல?"

அன்று மத்தியானம் அவள் மிளகாயை அரைத்தபடி இதைச் சொன்னபோது, பரணிலிருந்து கதிரேசன், "நல்ல பயலாத்தான் இருக்கான்" என்றான்.

"நல்ல பய தான். நூத்திப்பதினேழும் நல்ல பய தான், கேட்டுப் பாரு."

ஐப்பசி பிறந்ததும் வானொலி புதிதாக ஒன்று சொன்னது. கார்த்திகை முதல் தேதியிலிருந்து அதிகாரிகள் தெருத்தெருவாக வருவார்கள். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் வருகிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்று நிற்கும் வீரர்களிடம் விசாரிப்பார்கள். இத்தனை மாதம் கண் மூடாமல் நிற்கிறவர்களைவிட நல்ல சாட்சி ஏது? தவமணி அதைக் கேட்டுக்கொண்டே அரிசி களைந்தாள், களைந்த தண்ணீரிலேயே திரும்பத் திரும்பக் களைந்தாள். மறுநாள் விடிகாலையில் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போகாமல், தெருமுனை தாண்டி, மீன் ஏலக்கூடம் தாண்டி, கடலுக்குப் போனாள். குடத்தோடு போகிற பெண்ணை யாரும் நிறுத்தவில்லை. சட்டமே அவளுக்கு வழி விட்டிருந்தது.

முதல் நாள் அரைக் குடம் கடல், அரைக் குடம் கிணறு. மூன்றாம் நாளிலிருந்து முழுக் குடமும் கடல்.

"அக்கா" என்றான் சிப்பாய் நாலாம் நாள். "தண்ணி கரிக்குது."

"கெணத்துல கடல் ஏறியிருக்கும்" என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல்.

"சரிக்கா" என்றான். வேருக்கு வேண்டாம் என்று சொல்லத் தெரியாது. ஊற்றியதைக் குடித்தது.

ஏழாம் நாள் இலை ஓரம் கருகியது. பரிபூரணம் பதறிப்போய், வேர்ப்புழுவாக இருக்கும் என்று வேப்பம்புண்ணாக்கைக் கரைத்து ஊற்றினாள், சாம்பல் போட்டாள். "ஏண்டி தவமணி, புள்ளைக்கு என்னாமோ பண்ணுதுடி, ஒனக்கு நேரா நிக்கிறான், நீ பாக்க மாட்டியா?" என்று திட்டினாள். தவமணி பார்க்கத்தான் செய்தாள். இரண்டு குடம் போதாதென்று மூன்றாவதும் ஊற்றினாள்.

பத்தாம் நாள் கொடியில் துணி காயப்போட வந்தவளிடம், யாரும் கேட்காமலே, அவன் பேசத் தொடங்கினான். குரல் சருகு மிதிபடுகிற மாதிரி இருந்தது.

"எங்க ஊரு வடக்கக்கா. வானம் பாத்த பூமி. மரமே கெடையாது. நான் இப்பிடித் தழைச்சு நிக்கிறதப் பாத்தா எங்கம்மா சிரிக்கும்." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "ஊருக்குத் தெக்கால ஒரு புஞ்சைக் காடு இருக்குது, உப்பு ஏறிப்போன காடு. அத உழவும் மாட்டாங்க, விக்கவும் மாட்டாங்க. எதை நட்டாலும் வேர் புடிக்காது. எங்க தாத்தன் காலத்துல ஏறுன உப்பு, இன்னும் எறங்கல." அவன் கீழே, தன் காலடியில் வெள்ளை பூத்துக் கிடந்த மண்ணைப் பார்த்தான். "இந்த எடமும் இனி அப்பிடித்தான்க்கா."

தவமணி கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திட்டியிருந்தால் தேவலை.

"எம் பேரு ஐயம்பெருமாள்" என்றான் அவன். "யாராச்சும் ஒருத்தருக்காவது தெரியட்டும்னுதான்."

அன்று அவள் புருஷனுக்குச் சோறு போடவில்லை. பரணைப் பார்த்து, "அவன் பேரு ஐயம்பெருமாளாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுப்படியில், வேர் போகிற இடத்தின் மேல் காலை வைக்காமல், சுவரோரம் ஒண்டி உட்கார்ந்துகொண்டாள். கதிரேசன், "போதும், நிப்பாட்டிரு. நான் பிடிபட்டாப் பிடிபட்டுட்டுப் போறேன்" என்றான். மறுநாள் காலை குடத்தை எடுத்துக்கொண்டு கடலுக்குத்தான் போனாள்.

கார்த்திகை முதல் தேதி ஜீப் வந்தது. இறங்கிய கேப்டனுக்குத் தொப்பை விழுந்த உடம்பு, கையில் கனத்த பதிவேடு. சருகு மூடிக் கிடந்த சிப்பாயை அண்ணாந்து பார்த்து, "நூத்திப்பதினாலு, இந்த வீட்டுல எத்தன பேரு?" என்று தவமணி வாசலைக் காட்டிக் கேட்டார்.

ஐயம்பெருமாள் தவமணியைப் பார்த்தான். வாயைத் திறந்தான். வாய்க்குள்ளிருந்து ஒரு கைப்பிடி காய்ந்த இலை கொட்டியது, அதன் பின்னால் இன்னொரு கைப்பிடி. சொல் எதுவும் வரவில்லை. திறந்த வாய் திறந்தபடி இருக்க, தொப்பியிலிருந்து காக்கை பறந்து போயிற்று. அவன் சொல்ல நினைத்தது ஒன்றா இரண்டா என்பது அவனோடு போயிற்று. ஒன்று என்று சொல்லியிருப்பான் என்று தவமணி சில நாள் நினைப்பாள், இரண்டு என்று சொல்லியிருப்பான் என்று சில நாள் நினைப்பாள், இரண்டில் எது ஆறுதல் என்று அவளுக்குக் கடைசிவரை தெரியப்போவதில்லை.

மறுநாள் ஆட்கள் வந்து அறுத்து எடுத்துப் போனார்கள். அதற்கடுத்த காலை கிடங்குத் தெருவில் ஒரு வீட்டு வாசலும் தெளிக்கவில்லை. யாரும் யாரிடமும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. தெரு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை காய்ந்து கிடந்தது.

காய்ந்த தெருவில்தான் ஜீப் திரும்ப வந்தது. "சட்டம் தெரியும்ல? வீரனைப் பட்டுப்போக விட்ட தெரு, அந்த எடத்துல நிக்க ஒரு ஆம்பளையக் குடுக்கணும்" என்றார் கேப்டன். எந்தச் சட்டம் என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் அவர் சொல்லச் சொல்லத்தான் அது சட்டமாகிக்கொண்டிருந்தது. தெருவின் ஆண்களில் பாதிப் பேர் கிழவர்கள், பாதிப் பேர் ஏற்கனவே போனவர்கள். கேப்டனின் விரல் பரிபூரணத்தின் புருஷன் தொம்மையிடம் நின்றது. தொம்மை ஈளைக்காரர், பத்தடி நடந்தால் பத்து நிமிடம் இளைக்கும்.

"சார், அவுரு நின்னா சாயங்காலத்துக்குள்ள விழுந்துருவாரு சார்" என்று பரிபூரணம் கெஞ்சினாள்.

"விழாதும்மா. வேர் விட்ட அப்பறம் எப்படி விழும்?"

அப்போது தவமணி வீட்டுக்குள் பரண் ஏணி கிறீச்சிட்டது. அந்தச் சத்தத்தை அவள் நாலு மாதமாக அம்மியால் மறைத்தவள். இந்தத் தடவை மறைக்க எதுவும் கையில் இல்லை. வெயில் படாமல் வெளுத்துப்போன முகத்தோடு கதிரேசன் வாசலுக்கு வந்து, கண் கூசி, கையை நெற்றியில் வைத்துக்கொண்டு நின்றான்.

"நான் நிக்கிறேன்."

"நீ யாரு?" கேப்டன் பதிவேட்டைப் புரட்டினார். "இந்த வீட்டுல ஒருத்தின்னுல்ல போட்டிருக்கு?"

பரிபூரணம்தான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "என் தம்பி சார். நேத்துதான் ஊர்லேந்து மூட்டை எறக்க வந்தான். எங்க வீட்டுல படுக்க எடமில்லன்னு அங்க படுக்கச் சொன்னேன். ஏன், தப்பா?"

"பேரு என்னடா?"

கதிரேசன் பெண்சாதியைப் பார்த்தான். "ஐயம்பெருமாள்" என்றான்.

கேப்டன் பதிவேட்டில் விரலை ஓட்டி, நூற்றுப்பதினாலுக்கு நேரே அதே பேர் இருந்த இடத்தில் நிறுத்தி, முகம் மலர்ந்தார். "நல்லதாப் போச்சு. எதையும் அடிச்சுத் திருத்த வேண்டியதில்ல."

துப்பாக்கியைக் கையில் கொடுத்து, புதுசாகச் சுண்ணாம்பில் வட்டம் போட்டு, அடுத்த உத்தரவு வரும்வரை என்று அதே சொல்லைச் சொல்லி, காலையில் இரண்டு குடம் மறக்கக் கூடாது என்று தவமணியையே பார்த்துச் சொல்லிவிட்டு ஜீப் போனது.

அது போன பிறகு தவமணி பரிபூரணத்தின் கையைப் பிடித்தாள். "எப்பத் தெரியும் ஒனக்கு?"

"நீ ஒத்தப் பொம்பள ரெண்டு ஆளு மீனு வாங்குறியே, என்னா, பூனையா வளக்குற?" என்ற பரிபூரணம், பிறகு கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். "தண்ணிக்குக் கடலுக்குப் போனதும் தெரியும். எதையும் நான் கேக்கல. நீயும் சொல்லாத."

எட்டு நாள் தவமணி கடல் தண்ணீரையே ஊற்றினாள். ஒன்பதாம் நாள் விடிகாலை குடத்தோடு வந்தபோது, தெருவில் எல்லாப் பெண்களும் வாளியோடு அவரவர் வாசலில் நின்றிருந்தார்கள். ஒருவரும் தெளிக்கவில்லை. எல்லோரும் அவன் காலைத்தான் பார்த்தார்கள்.

தவமணி குடத்தைக் கவிழ்த்தாள். வெள்ளை பூத்த மண் தண்ணீரை வேண்டாவெறுப்பாகக் குடித்தது.

"எப்படி இருக்கு?" என்றாள்.

"கரிக்குது" என்றான் கதிரேசன்.

"தூக்கு."

உப்பு வெடித்து ரத்தம் கசிந்த இடது குதிகால் தரையை விட்டு ஒரு விரற்கடை எழுந்தது. திரும்ப இறங்கியது. வலது குதிகாலும் எழுந்தது, இறங்கியது. தெருக்கோடியில் அடுத்த தெரு நூற்றுப்பதின்மூன்று இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான், எதிர்க்கோடியில் நூற்றுப்பதினைந்து அந்தப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான், இரண்டு பேர் கையிலும் துப்பாக்கி இருந்தது, ஆகவே அந்தக் கால்களுக்கு அன்று போக இடம் எதுவும் இல்லை. ஆனாலும் அவை எழுந்தன. பெண்கள் குனிந்து வாசல் தெளிக்கத் தொடங்கினார்கள்.

சேதி எப்படியோ தெருத்தெருவாக நடந்தது. மார்கழியில் கடலுக்குப் போகிற பாதையில் தவமணி தனியாக இல்லை. தேசத்தின் வீரர்களுக்காகத் தாய்மார்கள் விடியுமுன்னே எவ்வளவு தூரம் நடந்து தண்ணீர் சுமக்கிறார்கள் என்று வானொலி செருமிவிட்டுப் பாராட்டியது. ஒரு காலை அலையோரம், மூன்றாவது தெருக்காரி ஒருத்தி அவள் பக்கத்தில் வந்து நின்றாள். கொடி பிடித்து ஓடிய மகனை நூற்றுப்பதினேழுக்குப் பறிகொடுத்தவள், வாசல் காய்ந்தவள். குடம் புதுசு.

"எத்தன நாள் ஊத்தணும்?" என்றாள், கடலைப் பார்த்தபடி.

தவமணி தன் குடத்தை நிரப்பி, இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். அலை வந்து அவள் காலடி மண்ணை அரித்துக்கொண்டு போயிற்று.

"மொதல்ல போயி அவன் பேரைக் கேளு" என்றாள். "கேட்டப்பறமும் ஊத்த முடிஞ்சா, வா, எத்தன நாள்னு சொல்றேன்."